சுழி எண்ணிக் கற்கும் தமிழ்

ஊர்ப்புறத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றனுள் நுழைந்து, ஐந்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஒருவனை எழுப்பிப் பாடம் படிக்கச் சொன்னால், பலவிடங்களில் அவன் தடையின்றிப் படிப்பான். பொத்தகத்தை இரு கைகளாலும் ஏந்தி, உடலை முன்னும் பின்னும் அசைத்து, ஓர் இழுப்பிசையோடு பக்கம் முழுவதையும் ஒப்பித்து முடிப்பான். அதே பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, 'இஃது என்ன சொல்?' என்று கேட்டால், அவன் வாயடைத்துப் போவான். சற்றே கூரிய பிள்ளையாயின், பாடத்தின் முதல் வரிக்குத் திரும்பி, நெட்டுருவாய்ச் சொல்லிக்கொண்டே வந்து, விரல் வைத்த இடத்தை எட்டியவுடன் நிற்பான். அவன் படித்தது பொத்தகத்தை அன்று. வகுப்பே கூடிக் கத்திய ஒலியை.

இது மிகைக்கூற்று அன்று. பிரதம் என்னும் தொண்டமைப்பு 2022ஆம் ஆண்டில் ஊர்ப்புற வீடுதோறும் சென்று எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியைப் படிக்க இயன்றவர் நூற்றுக்கு 25 பேரளவினரே. தொற்றுநோயால் 2020 மார்ச்சில் அடைத்த தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன; ஆகலின் அவ்வீழ்ச்சிக்கு நோயைக் கரணியம் காட்டுவாரும் உளர். காட்டட்டும். ஆனால் நோய்க்கு முன்பே, 2018இல், அவ்வாறு படிக்க இயன்றவர் நூற்றுக்கு 40 பேரை ஒட்டியே இருந்தனர். எஞ்சிய அறுபதின்மரை எந்த நோய் தாக்கியது?

'ஆங்கிலம்' என்று உடனே விடையிறுப்பர் தமிழன்பர். அவ்விடையில் பாதி உண்மையுண்டு. முன்னர் மூன்றாம் வகுப்பில் தொடங்கிய ஆங்கிலம் இன்று முதல் வகுப்பிலேயே பிள்ளையின் பலகையில் ஏறியமர்ந்துவிட்டது. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பெற்றன. ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று தமிழ்நாட்டரசு 1999இல் பிறப்பித்த ஆணையை, 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கிவிட்டது. கருநாடக அரசின் வழக்கில் 2014இல் உச்சநீதிமன்றம், தொடக்கக்கல்வியின் பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோர் உரிமை என்றும், தாய்மொழியை அரசு கட்டாயமாக்க இயலாது என்றும் தீர்ப்புரைத்துக் கதவை அடைத்தது. தாய்மொழியே கல்வி தொடங்கத் தக்க மொழியென்று யுனெசுகோ 1953இலேயே நூல் வெளியிட்டதும், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டுமென்று 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் கூறுவதும் ஏட்டளவில் நிற்கின்றன.

இவை யாவும் இவ்விதழைப் படிப்போர்க்குப் புதியன அல்ல. ஆனால் மறுபாதி உண்மை ஒன்றுண்டு. அதனைத் தமிழன்பர் பேசுவதில்லை. ஆங்கிலமே நுழையாத தமிழ்வழி வகுப்பிலும் பிள்ளை படிக்கத் தெரியாமல் அமர்ந்திருக்கின்றான். அங்கே கெட்டது தமிழ் கற்பிக்கும் முறை. அதற்குப் பழியேற்க வேண்டியவர் ஆங்கிலேயரும் அல்லர், வடவரும் அல்லர்.

தமிழ்ப்பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே தமிழ் அறிந்தவன். 'கடல்' என்பதில் வன்மையாகவும், 'தங்கம்' என்பதில் மென்மையாகவும், 'பகல்' என்பதில் நெகிழ்ந்தும் ககரம் ஒலிப்பதை யாரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. அவன் நா அதனைச் சரியாகவே செய்கின்றது. சொன்முதலில் ஒன்று, மெல்லினத்தின் பின் ஒன்று, உயிர்களின் நடுவே ஒன்று என்னும் ஒழுங்கு அவன் செவியில் முன்னரே அமைந்து கிடத்தலின், மூவொலிக்கு மூன்றெழுத்து வேண்டாத நெடுங்கணக்கு தமிழுக்குப் போதுமாயிற்று. படிக்கக் கற்பித்தலாவது, செவியில் இருக்கும் ஒலியைக் கண்முன் இருக்கும் வடிவத்தோடு முடிபோடுதலே. அம்முடியை வகுப்பில் போடுவதேயில்லை. மாறாக, 247 எழுத்துகளையும் கட்டங்கட்டமாய்ச் சுவரில் தொங்கவிட்டுப் பிரம்பால் தொட்டுக் கத்த விடுகின்றனர். கத்தி ஓய்ந்ததும் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொல்கின்றனர். எழுதுதல் என்னும் பெயரால் அங்கு நிகழ்வது படம் வரைதல்.

இதன் முடிமணி, எழுத்துகளின் பெயரையே மாற்றிவிட்டமை. 'மூன்று சுழி ண, இரண்டு சுழி ன' என்று இன்று எவ்வகுப்பிலும் கேட்கலாம். வாயில் பிறக்கும் எழுத்துக்குக் கண்ணால் எண்ணும் பெயர்! பிள்ளை 'கண்' என்றெழுத வேண்டுங்கால் தன் நாவைக் கேளாமல், எத்தனை சுழி என்று விரல்விட்டு எண்ணுகின்றான். பழைய ஆசிரியன்மார் இவற்றுக்கு இட்ட பெயர் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்பன. அப்பெயரிலேயே இலக்கணம் அடங்கிக் கிடந்தது. டகரம் பிறக்குமிடத்தில் பிறப்பது டண்ணகரம். ஆகவே 'வண்டு', 'நண்டு', 'கிண்டல்' எனச் சொல்லின் அகத்தே டகரத்தை ஒட்டி அதுவே வரும். தகரத்தை ஒட்டித் தந்நகரம்: 'பந்து', 'சந்தை'. றகரத்தை ஒட்டி றன்னகரம்: 'கன்று', 'தென்றல்'. இவ்வொன்றை அறிந்த பிள்ளை ஓராயிரம் சொற்களில் பிழை செய்யான். சுழி எண்ணும் பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நெட்டுருப் போட வேண்டும்.

நெடுங்கணக்கின் அடுக்கே ஒரு பாடம். நாவின் அடியில் கவ்வும் ககர ஙகரத்தில் தொடங்கி, நடுநா, நுனிநா, பல்லினடி என்று படிப்படியாய் முன்னேறி, இதழ் குவியும் பகர மகரத்தில் முடிகின்றது அவ்வரிசை. தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவதும் அதுவே. ஆறு வயதுப் பிள்ளைக்கு இலக்கண நூற்பா வேண்டா. 'ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப' என்று சொல்லவைத்து, நா எங்கே முட்டுகின்றது என்று அவனையே கேட்டால் போதும், சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவான். வெறும் விளையாட்டென்று இதனை ஒதுக்குவோர், அவ்விளையாட்டைத் தம் வகுப்பில் ஒருநாளேனும் ஆடிப்பார்த்தவர் அல்லர்.

வடிவத்திலும் கவனம் வேண்டிய இடங்கள் சிலவே. உகர உயிர்மெய் அவற்றுள் கடினமானது. பதினெட்டும் பதினெட்டு வடிவம் என்று பிள்ளை மலைக்கின்றான். உண்மையில் அவை மூன்று குடும்பங்களே. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். ஙு, சு, பு, யு, வு மற்றொன்று. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. ஊகாரத்தில் கூ, சூ இரண்டும் தத்தமக்கெனத் தனி வடிவு கொண்டு முரண்டு பிடிக்கும். இவ்வாறு பிரித்துக் காட்டும் ஆசிரியரிடம் இருவாரத்தில் முடிவது, மற்றவரிடம் ஈராண்டாகியும் முடிவதில்லை. கொம்பெழுத்துகளிலும் ஓர் இடர் உண்டு: ஒலியிற் பின்னே வரும் எகரம் எழுத்தில் முன்னே நிற்கும். 'கௌ' என்பதைப் பிள்ளை 'கெள' என்று படித்தால் தவறு பிள்ளையினது அன்று. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டு, 1978இல் அரசாணையாகிய சீர்திருத்தம், ணா, றா, னா, ணை, லை முதலான 13 எழுத்துகளின் விலக்கு வடிவங்களை நீக்கிப் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது. எஞ்சியிருக்கும் இடர்களுக்கு எழுத்தை மாற்ற வேண்டியதில்லை. கற்பிப்பவர் கருதிச் செய்தால் போதும்.

திண்ணைப் பள்ளிக்கே திரும்பிவிடலாம் என்பாரும் தமிழன்பருள் உளர். 1789இல் சென்னை எழும்பூரில் ஏதிலிச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் சுகாட்லாந்தியர், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாக்கினார். 'சென்னை முறை' என்ற பெயரால் அஃது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பெருமை கொள்ளத்தக்க செய்தியே. மன்றோ எடுப்பித்த கணக்கிலும் 1826இல் சென்னை மாநிலத்தில், தெலுங்கு கன்னட மலையாளப் பகுதிகள் உட்பட, 12,498 பள்ளிகள் இருந்தன. ஆனால் அவற்றில் பயின்ற 1,88,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுள் பெண்பிள்ளைகள் ஐயாயிரவரும் இலர். சேரியின் பிள்ளைக்கோ பெரும்பாலும் அத்திண்ணை எட்டாதது. மணலை மட்டும் எடுத்துக்கொள்வது நன்று. விரல் ஒலியோடு சேர்ந்து நகர்ந்த முறை அது. இன்றும் ஒரு காசும் செலவாகாது.

இனிப் பாடநூற் சொற்கள். முதல் வகுப்புப் பிள்ளைக்காகக் கடைகளில் விற்கும் படப்பொத்தகங்கள் பலவற்றில், ஜாடிக்கு ஓர் எழுத்து, ஸ்கூட்டருக்கு ஓர் எழுத்து என்று கிரந்த வரிசையும் தமிழ் நெடுங்கணக்கின் வாலாக ஒட்டப்பெற்றுள்ளது. உயிரும் மெய்யும் இன்னும் கைவராத பிள்ளைக்கு இச்சுமை எதற்கு? வீட்டில் அவன் அறிந்த அம்மியும் உரலும் முறமும் சுளகும், வயலில் கண்ட வரப்பும் நுகமும் நாற்றும் பதரும், யாரும் தூய்மைப்படுத்தாமலே தூய தமிழாய் இருக்கின்றன. உழவன் பிள்ளையின் வாய்மொழியே தலைசிறந்த முதற்பாடநூல். ஆனால் அவன் 'வாழப்பயம்' என்று சொன்னவுடன் வகுப்பே சிரிக்க அவனைத் தலைகுனிய வைக்கும் தமிழாசிரியரும் உளர். அன்றோடு அவன் வாய் மூடிவிடுகின்றது. பழத்தின் ழகரத்தை நாவை வளைத்துக் காட்டித் திருத்தலாம். நாணச் செய்து திருத்த முடியாது. தனித்தமிழ் ஆர்வலர்க்கும் ஒரு சொல் உண்டு. புதிதாய்ப் படைத்த கலைச்சொல் எத்துணை அழகியதாயினும், பிள்ளை செவியால் கேளாத சொல் முதற்பாடத்தில் இடம்பெறத் தகாது. எழுத்துக் கூட்டி முடித்தவுடன் பொருள் பளிச்சென்று தெரிய வேண்டும். அப்பளிச்சுதான் படிப்பின் சுவை. ஆக்கச்சொற்கள் மூன்றாம் வகுப்பில் வரட்டும்.

ஆங்கிலமும் அப்போதே வரட்டும். அஃது அயன்மொழியாய், ஒரு மொழியாய், நன்கு கற்பிக்கப்பட வேண்டியதே. வேண்டா என்பார் யாருமிலர். ஆங்கில எழுத்து இருபத்தாறுதானே என்பர். பெரியதும் சிறியதுமாய் வடிவங்கள் 52. ஒலியோ சொல்லுக்குச் சொல் மாறும். எழுத்தென்பது ஒலியின் குறி என்னும் முதலறிவு உறைக்காத பிள்ளைக்கு அதனைத் தருவது, தவழும் குழந்தையைக் கயிற்றின்மேல் நடக்க விடுவதாகும். தமிழில் ஒருமுறை படிக்கக் கற்றவன், படித்தல் என்றால் என்ன என்பதையே கற்றுவிடுகின்றான். அத்திறம் அடுத்த மொழிக்கும் உடன் செல்லும். முதலிரு வகுப்புகளில் ஆங்கிலம் செவிக்கும் வாய்க்கும் மட்டும் இருந்தால் தீங்கில்லை. ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைக்கும், நீலமலையின் படகர் பிள்ளைக்கும் இந்நெறியே பொருந்தும்: அவர்தம் வீட்டுமொழியில் வாய் திறந்த பிறகே தமிழெழுத்து. தமிழுக்குக் கேட்கும் நயன்மையைப் பிறர் தாய்மொழிக்கு மறுத்தல் முறையன்று.

2022இல் அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் படித்தல் வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கு நன்று. இடறுவது ஆள்கணக்கில். கல்வியுரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியர் இருவர். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் ஊதியப்பட்டிக்கோ பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ சென்ற நாளில், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஓரறையில் அடைத்துக் காவல் காக்கின்றார். அந்நிலையில் 'பார்த்து எழுதுங்கள்' என்று சொல்வதன்றி அவரால் ஆவது யாது? அவரைக் குறைகூறுவது எளிது. பிள்ளையின் வாயருகே செவியை வைத்து அவன் ஒலிப்பதைக் கேட்க நேரமில்லாதவர் சுழியைத்தான் எண்ணச் சொல்வார்.

ஊர்தோறும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றுண்டு. சட்டப்படி அதன் உறுப்பினருள் நான்கில் மூவர் பெற்றோர். கடைப்பெயர்ப் பலகையைத் தமிழாக்கப் போராடும் இளைஞர் எத்துணைப் பேர் அக்குழுவின் கூட்டத்தில் அமர்ந்துள்ளனர்? தம் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப்பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு மேடையேறுவோர்க்கு அங்கே இருக்கையுமில்லை. அக்குழுக்களின் வாயிலாகக் கேட்க வேண்டியது ஒன்றே: முதலிரு வகுப்புகளுக்கென ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாசிரியர் ஒருவர். இருவர் என்று சட்டம் வகுத்தது கீழெல்லையைத்தான். மூன்றாமவரைத் தருவதை எந்த நீதிமன்றத் தீர்ப்பும் தடுக்கவில்லை. தமிழ்நாட்டரசு தன் பணத்தில், தன் ஆணையால் தரலாம்.