பேஸ் கிடாரும் தூய ஒலி என்னும் மூடநம்பிக்கையும்

பேஸ் கிடார் வாசிக்கும் நண்பர் ஒருவரோடு அண்மையில் நேர்ந்த வாக்குவாதமே இக்கட்டுரைக்குக் காரணம். ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வாங்கலாமா என்று கேட்க வந்த ஓர் இளைஞனிடம் அவர், "பேஸ் கேட்பதற்கன்று, உணர்வதற்கு. அதன் ஒலியை அழுக்காக்காதே" என்றார். அந்த இளைஞன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. இருபதாண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே வாக்கியத்தை என்னிடமும் ஒருவர் சொன்னார். அதை வேதவாக்காக நம்பினேன். நம்பியதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கேட்பதற்கன்று, உணர்வதற்கு. அழகான வாக்கியம்தான். ஒரு வாக்கியம் அழகாக இருப்பதனாலேயே உண்மையாகிவிடாது என்பதை இங்கு வந்து படிப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தரப்பை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பேஸ் கிடாரின் ஒலி தூய்மையாகவே இருக்கவேண்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை. அதைவிட்டு வெளியேறுபவர்களில் பெரும்பாலோர் கிடார்காரனின் பெடலை வாங்கிக்கொண்டு இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தாழ்ந்த சுரத்தை மனிதச் செவி எப்படிக் கேட்கிறது என்பதைப் பற்றி இருசாராருமே யோசிப்பதில்லை.

அறியாதோர்க்காக ஒரு சொல். ஒரு மின்சுற்று தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒலியலையைச் செலுத்தினால், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாகப் பிறக்கும். செவிக்கு அது கரகரப்பாகவும், வெப்பமாகவும், சில வேளைகளில் உறுமலாகவும் கேட்கும். மென்மையாக வெட்டினால் ஓவர்டிரைவ், கடுமையாக வெட்டினால் டிஸ்டார்ஷன், முற்றாக நொறுக்கினால் ஃபஸ். காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிக்குள் இந்த வேலையை அடக்கிவைத்தால் அதுவே பெடல்.

இது கிடார்காரர்களின் சொத்து, பேஸுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' என்ற பாடலின் ஒலிப்பதிவு நாஷ்வில்லில் நடந்தபோது, ஒலிக்கலவைப் பலகையின் ஒரு தடம் பழுதாகிவிட்டது. அதன் வழியே சென்ற கருவி உறுமியது. உறுமிய கருவி எது? கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறுதந்தி பேஸ். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு டிரான்சிஸ்டர் சுற்றாக மாற்றியமைத்தார். அதுவே 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது. ஆக, கடைக்கு வந்த முதல் ஃபஸ் பெடலின் தாய், தாழ்ந்த சுரம் வாசித்த ஒரு கருவி. பின்னாளில் கிடார்காரர்கள் அதைத் தத்தெடுத்துக் கொண்டார்கள், அவ்வளவே.

இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. ஆம்பெக் நிறுவனத்தைத் தொடங்கிய எவரெட் ஹல் தாமே ஒரு பேஸ் வாசிப்பாளர். ஒலி சிதைவதை அவர் வெறுத்தார். ராக் இசையையும் அவருக்குப் பிடிக்காது. தூய ஒலிக்காகவே அவர் தம் ஆம்ப்ளிஃபயர்களைச் செய்தார். 1967இல் நிறுவனம் கைமாறியது. 1969இல் அதே நிறுவனம் 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரான எஸ்விடியைக் கொண்டுவந்தது. அவ்வாண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் அமெரிக்கப் பயணத்தில் அதைப் பயன்படுத்தியது. இன்று உலகமெங்கும் பேஸ்காரர்கள் ஆம்பெக் ஒலி என்று ஏங்குவது எதற்கு? வால்வுகள் சூடேறித் திணறும்போது எழும் அந்த உறுமலுக்குத்தான். நிறுவனர் எதை வெறுத்தாரோ அதுவே நிறுவனத்தின் முகவரியாயிற்று. தூய்மைவாதிகளுக்கு வரலாறு இழைக்கும் கேலி எப்போதும் இப்படித்தான் இருக்கிறது.

*

வரலாறு இருக்கட்டும், காரணத்துக்கு வருவோம்.

நான்கு தந்தி பேஸ் கிடாரின் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்து தந்திக் கருவியில் இது 31 ஹெர்ட்ஸ். கிடாரின் தாழ்ந்த தந்தியோ 82 ஹெர்ட்ஸ். ஒரு கைபேசியின் ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. வீட்டுத் தொலைக்காட்சியும் பெரிதாக வாழ்ந்துவிடவில்லை. அப்படியானால் அவற்றில் பேஸ் கேட்பது எப்படி? அடிப்படை அதிர்வு காணாமற் போனாலும், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கில் ஒலிக்கும் மேற்சுரங்கள் செவிக்கு எட்டினால், மூளை இல்லாத அடிப்படையைத் தானே ஊகித்துக் கேட்டுக்கொள்கிறது. ஒலியியலில் இது நன்கறியப்பட்ட உண்மை. மேற்சுரமே இல்லாத 'தூய' பேஸ் சிறிய ஸ்பீக்கரில் சத்தமின்றிச் செத்துப்போகும். மேற்சுரம் சேர்ந்த பேஸ் அங்கேயும் பிழைத்திருக்கும்.

இதை நம்மவர்கள் என்றோ அறிந்திருந்தார்கள். தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலை நுழைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி, தந்தி ரீங்கரிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறார்களே, அது எதற்கு? நூலை எடுத்துவிட்டால் ஒலி 'தூய்மை'யாகத்தான் இருக்கும், செத்தும் இருக்கும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் காலில் விழலாம். தம்புரா, வீணை ஆகியவற்றின் குதிரையமைப்பு, வழக்கமான விதிப்படி எழக்கூடாத மேற்சுரங்களையும் எழுப்புகிறது என்று சி. வி. ராமன் 1921இல் ஆய்ந்து எழுதினார். பேஸ்காரனின் ஓவர்டிரைவ் பெடல் செய்வதும் வேறு வழியில் அதே வேலையைத்தான். கச்சேரியில் தம்புராவின் கரகரப்பை ஜீவன் என்பவர்கள், மேடையில் பேஸின் கரகரப்பை அழுக்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இப்போது என் கதை. இரண்டு மின்கிடார்கள் முழங்கும் ஒரு குழுவில் நான் வாசித்து வந்தேன். மூன்று மாத ஒத்திகைக்குப் பின் ஒரு நிகழ்ச்சி. தூய ஒலியென்றால் அப்படியொரு தூய ஒலி! நிகழ்ச்சியின் பதிவை வீட்டில் போட்டுக் கேட்டபோது நான் அதில் இல்லை. கிடார்கள் இருந்தன, டிரம்ஸ் இருந்தது, என் மூன்று மாதம் மட்டும் இல்லை. அம்மா கேட்டார்கள்: "நீ எப்பப்பா வாசிப்ப?" என் விரல்களில்தான் குற்றம் என்று நினைத்து ஓராண்டு கருவியைத் தொடாமலிருந்தேன். குற்றம் விரலில் இல்லை. இரண்டு கிடார்களின் டிஸ்டார்ஷன் சுவருக்குப் பின்னால் மேற்சுரமற்ற ஒரு முனகலாக நான் நின்றிருந்தேன். அந்த இளைஞன் தலையாட்டிவிட்டுப் போனபோது எனக்கு உறக்கம் கெட்டதன் காரணம் இதுதான்.

*

சரி, பெடல் வாங்குவது என்று முடிவாயிற்று. இனிமேல்தான் இரண்டாவது பள்ளம்.

கிடார் உலகில் மிகப் புகழ்பெற்ற ஓவர்டிரைவ், 1970களின் இறுதியில் வந்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர். அதன் சுற்று, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கம் குறையும்படி அமைக்கப்பட்டது. தாழ்ந்த ஒலிகள் அழிவதில்லை, மேலுள்ளவை பெருகும்போது அவை பின்தங்கி நிற்கின்றன. கிடாருக்கு அது வரம். கிடார் கீழே குழம்பாமல் பேஸுக்கும் டிரம்ஸுக்கும் இடம் விடுகிறது. ஆக, பேஸுக்கு இடம்விட்டு ஒதுங்குவதற்கென்றே அமைந்ததுபோன்ற ஒரு சுற்றை பேஸ்காரனே காசு கொடுத்து வாங்கித் தன் கருவியில் மாட்டிக்கொள்கிறான்! தன் நாற்காலியைத் தானே இழுத்துவிட்டு உட்கார்வதற்கு ஒப்பான செயல் இது. பெடலை மிதித்ததும் ஒலி சீறும், கூடவே தரை காணாமற் போகும். உடனே "பார்த்தாயா, பேஸுக்கு ஓவர்டிரைவ் ஒத்துவராது" என்று தூய்மைவாதி சிரிப்பார். ஒத்துவராதது அந்தப் பெடல்தான்.

வேறு சுற்றாக இருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பேஸ் அலையின் பெரிய மேடுகள் தாழ்ந்த அதிர்வுகளால் ஆனவை. வெட்டுக்கத்தி முதலில் படுவது அவற்றின்மேல்தான். மேற்சுரங்கள் பெருகப் பெருக, அடித்தளம் ஒப்பளவில் மெலிகிறது. இதற்கு மருந்து ஒன்றே: மூல ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வெட்டி, மற்றதை வெட்டாமல் விட்டு, இரண்டையும் மீண்டும் கலப்பது.

மேதைகள் இதை முன்னரே செய்து காட்டிவிட்டார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'ரப்பர் சோல்' 1965இல் வந்தது. அதில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' பாடலில் பால் மெக்கார்ட்னியின் ஃபஸ் பேஸ் சீறுகிறது. அதே பாடலில் சாதாரண பேஸும் தனித்தடத்தில் கூடவே ஓடுகிறது. யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்க்வயர் தம் ரிக்கன்பேக்கரின் இரண்டு பிக்கப்புகளையும் தனித்தனியே வெளியே எடுத்து, ஒன்றைக் கரகரப்புக்கும் மற்றதை அடித்தளத்துக்குமாக ஆண்டார். பேஸுக்கென்றே செய்யப்பட்ட பெடல்கள் இந்த ஞானத்தை ஒரு குமிழுக்குள் அடக்கித் தருகின்றன. 1994இல் வந்த பாஸ் நிறுவனத்தின் ஓடிபி-3இல் அதற்குப் பேலன்ஸ் என்று பெயர். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரிலும், 2009இல் ஹெல்சிங்கியில் தொடங்கப்பட்ட டார்க்கிளாஸ் நிறுவனத்தின் பி3கேயிலும் பிளெண்ட் என்று பெயர். பெயரையும் நிறத்தையும் விடுங்கள், விலையையும் விடுங்கள். மூல ஒலியைக் கலக்கும் குமிழ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

*

கடையில் சோதிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். தனியே, குறைந்த ஒலியில், நாற்காலியில் அமர்ந்து பெடலைத் தேர்ந்தெடுப்பது, பெண்ணை நிழற்படத்தில் மட்டும் பார்த்துத் திருமணம் முடிப்பது போன்றது. ஒலி குறைந்திருக்கும்போது செவி தாழ்ந்த சுரங்களுக்கு மந்தமாகிவிடுகிறது என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். கடையில் பேஸ் மெலிந்து கேட்கும். தாழ்ந்த ஒலியைக் கூட்டுவீர்கள். மேடையில் முழுச் சத்தத்தில் அதுவே சேறாகிவிடும். அதேபோலத் தனியே கேட்கும்போது அருவருப்பாக இருக்கும் கரகரப்பு, குழுவோடு சேரும்போது கரைந்து வெறும் தெளிவாக மாறிவிடும். ஆகவே ஒத்திகைக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க இரவல் கிடைத்தால் மட்டுமே தீர்ப்பு எழுதுங்கள். பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒலியளவு ஒன்றாக இருக்கும்படி வைத்துக் கேளுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாக நம்பிவிடும் செவி நம்முடையது.

ஓவர்டிரைவ் ஒன்று வாங்கியவுடன் கம்ப்ரஸர், கோரஸ், ஆக்டேவ், என்வலப் ஃபில்டர் என்று வரிசைகட்டி வாங்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அலையின் உச்சியை வெட்டும் ஓவர்டிரைவ் பாதி கம்ப்ரஸர் வேலையைத் தானே செய்துவிடுகிறது. ஆக்டேவ் பெடல் தெளிவான சுரத்தைத்தான் பின்தொடரும். ஆதலால் அதை ஓவர்டிரைவுக்கு முன்னே வைக்கவேண்டும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப வாய்திறக்கும் என்வலப் ஃபில்டருக்கும் அதுவே விதி. கோரஸ் தாழ்ந்த சுரத்தின் சுருதியைத் தள்ளாட வைக்கும். பாஸ் சிஇபி-3 போல, தாழ்ந்த ஒலிகளைத் தொடாமல் விடும் வசதி இருந்தாலொழிய அது வேண்டாம். எந்தப் பெட்டி எதற்கு என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாதவன் அந்தப் பெட்டியை வாங்கக்கூடாது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைக்க விரும்பவில்லை. இளையராஜாவின் பாடல்களில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேட்டு மயங்கியவர்களில் நானும் ஒருவன். அங்கே ஓவர்டிரைவ் கேட்கவில்லையே என்றால், ஆம், கேட்கவில்லை. தேவையுமில்லை. அந்த இசையமைப்பே பேஸுக்கு ஓர் அறையை ஒதுக்கிவைத்திருக்கிறது. அறை கிடைத்தவன் கதவைத் தட்டவேண்டியதில்லை. இரண்டு கிடார்களுக்கு நடுவே நிற்பவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவனிடம் போய்த் தூய்மையை உபதேசிப்பது, கூட்டத்தில் தொலைந்தவனிடம் மெல்லப் பேசு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபமும் வரும். வரட்டும். அவரிடம் எனக்குள்ள கோரிக்கை ஒன்றுதான். அந்த இளைஞன் மறுபடி வந்தால், மூல ஒலியைக் கலக்கும் குமிழுள்ள ஒரு பெடலை இரவல் வாங்கிக்கொடுத்து, அவன் குழுவின் ஒத்திகைக்கு அனுப்பிவையுங்கள். பதிவு செய்து வரச்சொல்லுங்கள். அதை அவனுடைய அம்மாவின் கைபேசியில் போட்டுக் கேளுங்கள். அவன் அதில் இருக்கிறானா இல்லையா என்பதை வைத்து நாம் மீண்டும் வாதிடலாம்.