அந்த மேஜையில் மட்டும் உட்காராதீர்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆஸ்திரேலியா இல்லை, ஆஸ்திரியா. இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை, உலகம் பூராவும் இருக்கிறது. அதனால்தான் அங்கே டூரிஸ்ட் கடைகளில் ‘ஆஸ்திரியாவில் கங்காரு கிடையாது’ என்று பனியனிலேயே அச்சடித்து விற்கிறார்கள். கங்காருதான் கிடையாதே தவிர, வேறொரு சமாசாரம் உண்டு. கிராமத்துச் சாப்பாட்டு விடுதி.

நம்மவர்கள் யூரோப் டூர் போனால் என்ன பார்க்கிறார்கள்? வியன்னாவில் அரண்மனை, சால்ஸ்பர்கில் மோஸார்ட் பிறந்த வீடு, இன்ஸ்ப்ரூக்கில் தங்கக் கூரை. ராத்திரி எந்த ஊராக இருந்தாலும் ‘இண்டியன் டின்னர்’ என்று ராஜ்மா! நடுவில் பஸ் ஜன்னல் வழியாக, மாடி முழுக்கச் சிவப்புப் பூந்தொட்டி வைத்த ஒரு பெரிய வீடு ஓடி மறையும். வாசலில் கரடி, மான், வெள்ளைக் குதிரை என்று ஏதாவது ஒரு போர்டு தொங்கும். போட்டோ எடுப்பதற்குள் பஸ் திரும்பிவிடும். நான் சொல்வது அந்த வீட்டைத்தான்.

அதற்குப் பெயர் ‘விர்ட்ஸ்ஹவுஸ்’. ‘காஸ்ட்ஹவுஸ்’ என்றும் சொல்வார்கள். ராத்திரி தங்க ரூமும் இருந்தால் ‘காஸ்ட்ஹோஃப்’. நம் ஊர்ச் சத்திரம் மாதிரியா என்றால், ஏறக்குறைய. என்ன, கடைசியில் பில் வரும்! ‘விர்ட்’ என்றால் விருந்தளிப்பவர், அதாவது ஓனர். முதலாளி கல்லாவில் மட்டும் உட்கார்ந்திருந்தால் அது ஹோட்டல். அவரே அடுப்படியில் நின்று, அவர் சம்சாரம் பரிமாறி, ‘எப்படி இருந்தது?’ என்று மேஜை மேஜையாக வந்து கேட்டால் அது விர்ட்ஸ்ஹவுஸ்.

பல ஊர்களில் விடுதிக்குப் பெயரே ‘போஸ்ட்’ என்றிருக்கும். ஸ்டாம்பு வாங்கப் போய்விடாதீர்கள். தபால் வண்டிக்குக் குதிரை மாற்றிய காலத்தில் வைத்த பெயர் அது. குதிரைக்குப் புல்லும் மனிதர்களுக்கு சூப்பும் ஒரே வாசலில் கிடைத்தன.

சரி, உள்ளே போவோம். தாழ்வான மரக் கூரை. ஒரு மூலையில் ஓடு பதித்த பெரிய கணப்பு, அதைச் சுற்றி பெஞ்சு. இன்னொரு மூலையில் சிலுவை. நுழைந்ததும் ‘க்ரூஸ் காட்’ என்று பொதுவாக ஒரு வணக்கம் போட வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்றெல்லாம் பார்க்கக் கூடாது. பேசாமல் போய் உட்கார்ந்தால் ‘யாருப்பா இது?’ என்கிற மாதிரி பார்ப்பார்கள்.

கணப்புக்குப் பக்கத்தில் ஒரு நல்ல மேஜை காலியாக இருக்கும். “ஏங்க, அதுல உக்காரலாமே, கதகதப்பா இருக்கும்” என்று வீட்டம்மா சொல்லக்கூடும். ஊஹும், கூடவே கூடாது! அதன் மேல் ‘ஷ்டாம்டிஷ்’ என்று ஒரு பலகை இருக்கும். அது அந்த ஊர்ப் பெரிய தலைகளின் நிரந்தர மேஜை. விவசாயி, தச்சர், ஓய்வு பெற்ற வாத்தியார், ஊர் மேயர் எல்லோருக்கும் அங்கே ஒரே உயர நாற்காலி. மழை வருமா, பால் விலை ஏறுமா, மந்திரி இருப்பாரா, போவாரா? எல்லாவற்றுக்கும் தீர்ப்பு அங்கேதான். நம் டீக்கடை பெஞ்சுக்கு மேஜை போட்டு, டீக்குப் பதில் பீர் வைத்தால் ஷ்டாம்டிஷ்!

இப்போது மெனு கார்டு. ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பக்கத்தில் ஏ, சி, ஜி என்று எழுத்துகள். வைட்டமின் கணக்கு என்று சந்தோஷப்படாதீர்கள். 2014 டிசம்பரில் வந்த ஐரோப்பிய விதி, அலர்ஜி உண்டாக்கும் 14 வகைப் பொருள்கள் உணவில் இருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஏ என்றால் கோதுமை வகையறா, சி முட்டை, ஜி பால். “ஏங்க, இதுல முட்டை இருக்கா?” என்ற கேள்விக்கு ஜெர்மன் பாஷை தெரியாமலே பதில் கிடைத்துவிடும். சி இல்லாத வரியைத் தேடினால் போதும். ஆனால், மாமிசத்துக்குத் தனி எழுத்து கிடையாது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். சாதுவாக ஒரு உருண்டை மிதக்கிறதே என்று நீங்கள் நினைக்கிற சூப்பில் அந்த உருண்டை ஈரலாக இருக்கக்கூடும்.

ஆஸ்திரியா என்றால் ‘வீனர் ஷ்னிட்ஸல்’ என்பது எல்லாருக்கும் தெரியும். கன்றுக்குட்டி இறைச்சியைத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. பன்றி இறைச்சியில் செய்துவிட்டு அதே பெயரில் விற்கக் கூடாது, ‘பன்றி’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால், ஷ்னிட்ஸல் எங்கேயும் கிடைக்கும். விர்ட்ஸ்ஹவுஸின் அருமை அது இல்லை. அங்கே 9 மாநிலம், 9 கைமணம்.

தெற்கே கரிந்தியாவுக்குப் போனால் ‘காஸ்நூடல்’. நூடுல்ஸ் இல்லை. மாவைத் தட்டி, தயிர்க்கட்டி மாதிரியான பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, புதினா வைத்து மூடி, ஓரத்தை மடித்து மடித்து முறுக்கி, வேகவைத்து, உருக்கின வெண்ணெய் விடுவார்கள். நம் சோமாசி ஓரம்தான், அச்சு அசல்! ஓரம் முறுக்கத் தெரியாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு. (மாப்பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்று எந்த ஊர்ப் பழமொழியும் சொல்வதில்லை.)

பக்கத்து ஸ்டைரியாவில் பூசணி விதை எண்ணெய். கரும்பச்சையாக, மோட்டார் ஆயில் மாதிரி இருக்கும். பயப்படாமல் சாலட்டில் விட்டுச் சாப்பிட்டால் வறுத்த வேர்க்கடலை வாசனை தூக்கும். வெனிலா ஐஸ்கிரீம் மேலேகூட ஊற்றித் தருகிறார்கள். மேற்குக் கோடியில் ஃபோரார்ல்பெர்க். அங்கே மாவுத் துணுக்குகளை வேகவைத்து, மலைப் பாலாடைக்கட்டியை உருக்கிப் புரட்டி, வறுத்த வெங்காயம் தூவுகிறார்கள். பெயர் ‘கேஸ்ஷ்பேட்ஸ்லே’. சொல்லி முடிப்பதற்குள் ஆறிவிடும் என்பதால் கார்டில் கையைக் காட்டிவிடுவது உத்தமம். டான்யூப் கரையில் வாஹாவ் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே ஆப்ரிகாட் பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டுச் சர்க்கரைக் கட்டியை வைத்து, மாவில் மூடிக் கொழுக்கட்டை. பிள்ளையாருக்குத் தெரிந்தால் டிக்கெட் எடுத்துவிடுவார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? மாவு, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வெண்ணெய். நீண்ட குளிர்காலத்தில் மலையில் வாழ்ந்த விவசாயி வீட்டில் என்ன இருந்ததோ, அதுதான் சமையல். எதையும் வீணாக்கியதும் இல்லை. காய்ந்துபோன ரொட்டியைப் பாலில் ஊறவைத்து உருட்டினால் ‘க்னேடல்’ என்கிற உருண்டை. நேற்று மிஞ்சிய இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் இரும்புச் சட்டியில் வறுத்து, மேலே முட்டையை உடைத்து ஊற்றினால் டிரோல் மாநிலத்தின் ‘க்ரேஸ்டல்’. நம் வீட்டில் மிஞ்சின இட்லி உப்புமாவான கதைதான். நாம் அதை விருந்தாளிக்குக் காட்டாமல் ஒளித்துவைப்போம். அவர்கள் மெனு கார்டில் போட்டு மாநிலத்தின் பெருமையாக்கிவிட்டார்கள்.

விடுதிக்காரர் என்றால் வெறும் சமையல்காரர் என்று நினைக்காதீர்கள். ஆண்ட்ரியாஸ் ஹோஃபர் என்று ஒருவர். டிரோலில் விடுதி நடத்தியவர், குதிரை வியாபாரமும் ஒயின் வியாபாரமும் பார்த்தவர். நெப்போலியன் பக்கம் சேர்ந்திருந்த பவேரியாக்காரர்கள் டிரோலை ஆண்டபோது, 1809-ல் மலைவாசி விவசாயிகளைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். இன்ஸ்ப்ரூக் பக்கத்து பெர்க்கீஸல் குன்றில் பவேரியாவையும் பிரான்ஸையும் திரும்பத் திரும்ப முறியடித்தார். கடைசியில் பிடிபட்டு, 1810 பிப்ரவரி 20 அன்று மாந்துவாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இன்றைக்கு டிரோல் மாநிலத்தின் கீதமே அவரைப் பற்றியதுதான். ஊரிலேயே எல்லோரையும் தெரிந்த, எல்லோர் பேச்சையும் கேட்ட ஆசாமி யார்? விடுதிக்காரர்தானே! படை திரட்ட வேறு யாரால் முடியும்?

படை திரட்டுவது இருக்கட்டும். ஊரில் நல்லது கெட்டது எல்லாமே அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தால் நேரே விர்ட்ஸ்ஹவுஸ். கல்யாண விருந்து அங்கே. தீயணைப்புத் தொண்டர் கூட்டம் அங்கே. பேண்டு வாத்தியக் கோஷ்டி ஒத்திகை முடிந்து தாகசாந்தி அங்கே. யாராவது செத்துப்போனால், அடக்கம் முடிந்து மொத்தக் கூட்டமும் அங்கே வந்து மாட்டிறைச்சி சூப் சாப்பிட்டு, போனவரைப் பற்றி முதலில் அழுது, அப்புறம் அவர் பண்ணின கூத்துகளைச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கலையும்.

இனிமேல்தான் வருத்தமான விஷயம். இந்த விடுதிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. அதற்கென்று ஜெர்மனில் ஒரு வார்த்தையே உண்டாகிவிட்டது: ‘விர்ட்ஸ்ஹவுஸ்ஷ்டெர்பென்’, விடுதிச் சாவு. இளவட்டங்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். சமைக்கவும் பரிமாறவும் ஆள் கிடைப்பதில்லை. கரண்ட் பில்லும் கேஸ் பில்லும் எகிறுகின்றன. 2020-ல் கொரோனா வந்து மாசக்கணக்கில் பூட்டவைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, வாரிசு. அப்பா, அம்மா சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் என்று லீவே இல்லாமல் உழைத்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை, “எனக்கு ஆபீஸ் வேலை போதும்ப்பா” என்கிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? கீழ் ஆஸ்திரியா மாநில அரசு, விடுதியை எடுத்து நடத்த வருகிறவர்களுக்கு ஊக்கத்தொகை என்று 2020-களில் திட்டமே போட வேண்டியதாயிற்று. பணம் உதவும்தான். ஆனால், விடிகாலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிற மனசுக்கு எந்தக் கஜானாவில் மானியம் இருக்கிறது?

மூடினால் என்ன, சாப்பிட வேறு இடமா இல்லை? நெடுஞ்சாலையில் பர்கர் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட் க்னேடலும் கிடைக்கும். வயிறு நிறைந்துவிடும். ஆனால், ஈமச் சாப்பாட்டைப் பார்க்கிங்கில் நின்றுகொண்டா சாப்பிடுவது? மேயரும் தச்சரும் ஒரே மேஜையில் சண்டை போட வேறு எங்கே போவார்கள்? போனில் குரூப் ஆரம்பித்துத் திட்டிக்கொள்ளலாம்தான். ஆனால், அதில் சண்டை முடிந்து ஒருவர் பில்லை இன்னொருவர் கட்ட முடியாதே!

எனவே, யூரோப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரு வேளை ராஜ்மாவைத் தியாகம் செய்யுங்கள். மத்தியானம் கிராமத்தில் சாப்பிடுங்கள். சூப்போடு சேர்த்து ‘இன்றைய சாப்பாடு’ என்று சல்லிசாகக் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாளாவது லீவு விடுவார்கள், அதை விசாரித்துக்கொண்டு போங்கள். பில் வந்ததும் சில்லறையை மேஜையில் விட்டுவிட்டு வராதீர்கள். டிப்ஸையும் சேர்த்து முழுத் தொகையை வாயால் சொல்லிக் கொடுப்பதுதான் அங்கே மரியாதை.

கணப்புப் பக்கத்து மேஜை அன்றைக்குக் காலியாக இருந்தாலும் இருக்கட்டும், ஆசைப்படாதீர்கள். சாயங்காலம் அதற்கு ஆள் வர வேண்டும். வந்துகொண்டே இருக்க வேண்டும்.