கல்லாவும் கல்வியும்

வணிகப் பெருமக்களே! ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு உங்கள் கடையில் நிற்கும் தம்பியின் படிப்பு முடிந்துவிட்டதா? இல்லை!

1989-ல் மத்திய அரசு தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, இன்றைய என்.ஐ.ஓ.எஸ்., அவனுக்காகவே இருக்கிறது. வீட்டில் பாடநூல், குறிப்பிட்ட நாட்களில் கல்வி மையத்தில் நேரடி வகுப்பு. பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே படிக்கலாம். 5 ஆண்டுகளில் 9 முறை தேர்வெழுதலாம். தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை.

வழியை அடைத்து நிற்பது யார்? வகுப்பு நாளில் விடுப்புத் தராத நாம்தான்! முதல் வஹீயிலேயே ஓதக் கட்டளையிடப்பட்ட சமுதாயம் செய்யும் காரியமா இது?

சம்பளத்தோடு விடுப்புத் தாருங்கள்; கட்டணத்தையும் கட்டுங்கள். இளைஞர்களே! மஹல்லாதோறும் இத்தகையோரைக் கணக்கெடுங்கள். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுங்கள்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!