வம்சாவளி ஏடுகளும் ஊர்ச் சரித்திரமும்

தமிழ் நாட்டின் பழைய வீடுகள் பலவற்றில், பரண்மீதும் மரப்பெட்டிகளிலும், ஒருவரும் விரித்துப் பாராத ஏடுகளும் புஸ்தகங்களும் கிடக்கின்றன. குடும்பத்தின் தலைமுறை வரிசையைக் கூறும் வம்சாவளி, ஊர் உண்டான வரலாறு, கோயில் மரியாதை இன்னாருக்கு இன்னதென்று காட்டும் பட்டயப் பிரதி, ஏரிப் பாசன முறை, பாகபத்திரம் முதலியன அவற்றுள் அடங்கும். வீட்டை இடித்துக் கட்டும்போதும், சகோதரர் பாகம் பிரியும்போதும் இவை பழங் காகிதத்தோடு எடைக்குப் போகின்றன. இது அந்தந்தக் குடும்பத்தாரின் சொந்த விவகாரமென்று தேசாபிமானிகள் வாளாவிருப்பது தகாது. நாட்டின் சரித்திரம் ஊர்களின் சரித்திரத்தாலேயே ஆவது. அதன் மூலப்பொருள் நம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது.

இவ்வேடுகளின் மதிப்பை முதலில் பெரிய அளவில் உணர்ந்து திரட்டியவர் ஓர் அந்நியர். கம்பெனியின் சேனையில் இருந்து, 1815-இல் இந்தியாவின் முதல் ஸர்வேயர் ஜெனரலான காலின் மெக்கன்ஸி என்ற ஸ்காத்லாந்துக்காரர், தென்னாட்டின் ஊர்தோறும் ஆட்களை அனுப்பி, கைபீதுகளையும் வம்சாவளிகளையும் சாஸனப் பிரதிகளையும் சேகரித்தார். ஆனால் மெக்கன்ஸி நம் பாஷைகளை அறியாதவர். ஏடுகளைத் தேடிப் படித்துப் பொருள் சொன்னவர்கள் காவலி வெங்கட போரய்யாவும், 1803-இல் அவர் இளமையிலேயே இறந்த பின் அவர் சகோதரர் லக்ஷ்மய்யாவும், அவர்களுடன் உழைத்த பண்டிதர்களுமே ஆவர்.

1821-இல் மெக்கன்ஸி காலமானார். அவ்வேலையைத் தாம் தொடர்ந்து நடத்த அனுமதிக்க வேண்டுமென்று லக்ஷ்மய்யா விண்ணப்பம் செய்துகொண்டார். கல்கத்தாவிலுள்ள ஆசியச் சங்கத்தின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. அச்சங்கத்தின் காரியதரிசி ஜேம்ஸ் பிரின்ஸெப் 1836-இல் கூறிய முடிவு, லக்ஷ்மய்யா மட்டுமல்ல, சுதேசி எவருமே இதற்குப் போதிய தகுதியுடையவரல்லர் என்னும் கருத்துடையது. செய்து முடித்தவர்களையே செய்யத் தகாதவர்கள் என்றார்கள்! அன்று நம்மைத் தடுத்தது அதிகாரம். இன்று நம்மைத் தடுப்பார் யாருமில்லை. நமது அசிரத்தை ஒன்றுதான் தடை.

இன்னோர் உதாரணம் காண்போம். புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவந்த தினசரிக் குறிப்பு, வீட்டில் கிடந்து, 1846-இல்தான் வெளியார் கண்ணிற் பட்டது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்டனர். தமிழ் மூலமோ 1948 முதற்கொண்டே புஸ்தகமாக வரலாயிற்று. தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழர் படிக்குமுன் ஆங்கிலேயர் படித்தனர் என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

கிடைத்ததற்கே இந்தக் கதியென்றால் கிடைக்காமற் போனவற்றை என்னென்று சொல்வது? மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்றபோது, கோயிலிலிருந்த பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகக் கேள்வியுற்று மனம் நொந்த வரலாறு தமிழர் அறிந்ததே. அக்காலத்தில் நெருப்பும் ஆற்று வெள்ளமும் செய்ததை இக்காலத்தில் பழைய காகிதக் கடை செய்கிறது. பனையோலையைச் சில தலைமுறைக்கு ஒருமுறை பெயர்த்தெழுதி வந்தார்கள்; அவ்வழக்கம் நின்றுவிட்டது. சென்ற நூற்றாண்டில் அச்சிட்ட ஊர் வரலாறுகளின் காகிதமோ ஓலையினும் விரைவில் பழுப்பேறித் தொட்டால் நொறுங்குகிறது.

இவற்றைக் காக்க வேண்டுமென்று நாம் கூறுவதால், இவற்றிற் கண்டதெல்லாம் சத்தியம் என்று சாதிப்பதாக எவரும் எண்ணவேண்டாம். பாளையக்காரர் வம்சாவளிகள் பல, பாளையங்களைக் கம்பெனியார் ஒடுக்கி, நிலத்திற்கு உரிமை யாருக்கென்று விசாரித்த காலத்தில் எழுதிக் கொடுக்கப்பட்டவை. உரிமை கேட்பவன் தன் முன்னோரை உயர்த்திச் சொல்வது இயல்பு. அவ்வாறே 1901-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் ஜாதிகளை மேல் கீழென வரிசைப்படுத்த முனைந்தபோது, தங்கள் ஜாதியே க்ஷத்திரிய ஜாதியென்று நிலைநாட்டும் புஸ்தகங்கள் மலிந்தன. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் இழிவுபடுத்துவோர் இன்றும் உளர். அவர்களுக்கு ஏடு சரித்திரமன்று, ஆயுதம். அத்தகைய பயனுக்காக ஒரு சுவடியையும் நாம் காக்கச் சொல்லவில்லை.

ஆயின், பெருமைக்காக எழுதிய ஏட்டிலும் எழுதியவன் கருதாத உண்மைகள் நிறைந்திருக்கின்றன. எந்தப் பஞ்சத்தில் ஊர் பாழாயிற்று, எந்த ஏரிக்கு மடை யார் வைத்தார், எங்கிருந்து குடிகள் வந்தனர், வரி எத்தனை பணம், எந்தப் பயிர் விளைந்தது என்பன போகிற போக்கிற் சொல்லப்படுகின்றன. பொய் சொல்வதில் அவனுக்கு லாபமில்லாத இடங்கள் இவை. ஏடு எக்காலத்தில், யாருக்குக் காட்ட எழுதப்பட்டது என்று கேட்டுக்கொண்டு, கோயிற் கல்வெட்டோடும் செப்பேட்டோடும் ஒத்துப் பார்ப்பவனுக்கு இவை விலைமதிப்பற்றவை.

மற்றொரு குறையையும் மறைக்கலாகாது. வம்சாவளிகளில் தந்தை பெயரும் மகன் பெயரும் தொடர்கின்றன. தாயின் பெயர் பெரும்பாலும் இல்லை. வயலை உழுதவன், ஏரிக்கு மண் சுமந்தவன் குடும்பத்திற்கு வம்சாவளியே இல்லை. ஆகையால் ஏடுள்ள வீட்டாரை மட்டும் நாடுவோமாயின் பாதி ஊரின் சரித்திரமே நமக்குக் கிடைக்கும். மற்றப் பாதி முதியோர் வாயிலும், குலதெய்வத்தின் கதையிலும், வயல்களின் பெயரிலும் இருக்கிறது. அதையும் உடனிருந்து கேட்டு எழுதவேண்டும்.

செய்ய வேண்டிய காரியம் பெரிதன்று. ஒவ்வோர் ஊரிலும் நாலைந்து இளைஞர் கூடி, எந்த வீட்டில் என்ன இருக்கிறதென்று முதலில் ஒரு ஜாபிதா தயாரிக்கட்டும். ஏட்டை உடையவரிடமிருந்து பிரிக்க வேண்டாம். அவ்விடத்திலேயே ஒவ்வோர் ஓலையையும் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, பிரதியொன்றை நூல் நிலையத்தில் சேர்த்தாற் போதும். கையிலுள்ள தொலைபேசியே இன்று இதற்கு வேண்டிய கருவியாகிறது. மெக்கன்ஸி சேகரித்தவற்றில் ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்தில் இருக்கிறது. தம் ஊரைப் பற்றி அதில் என்ன இருக்கிறதென்று போய்க் கேட்போர் எத்தனை பேர்?

பொருள் இல்லை, ஆதரவு இல்லை என்று சொல்வோர் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைக்கட்டும். பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த அவர் ஆயுள் முழுதும் பழைய தமிழ்ப் புஸ்தகங்களைத் திரட்டினார். 1992-இல் அவர் மறைந்த பின் அத்திரட்டை விலை கொடுத்து வாங்கிக் காக்க முன்வந்தது அமெரிக்காவிலுள்ள சிக்காகோ சர்வகலாசாலை. நல்லூழாக அது நாட்டைவிட்டுப் போகாமல் 1994 முதல் சென்னையில் அவர் பெயரால் நூலகமாக விளங்குகிறது. தனி மனிதர் ஒருவர் சாதித்ததை ஓர் ஊரார் கூடிச் சாதிக்க இயலாதா?

தம் பாட்டனாரின் ஏட்டை எடைக்குப் போட்டுவிட்டு, நம் சரித்திரத்தை அந்நியர் திரித்து எழுதினர் என்று மேடையிற் பேசுவதில் பயனில்லை. வாசகர்கள் முதலில் தங்கள் வீட்டுப் பரணைப் பார்ப்பார்களாக.