தாழ்ந்த இமையும் தவறவிடலாகாத காலமும்

வகுப்பில் மேல் இமை தாழ்ந்து காணப்படும் சிறுவனைத் தூங்குமூஞ்சி என்று அழைப்போர் உளர். வளர வளரச் சரியாகிவிடும் என்று பெற்றோரைத் தேற்றி அனுப்புவோரும் உளர். முன்னது குழந்தையின் மனத்தைப் புண்படுத்தும். பின்னது அதன் பார்வையையே கெடுத்துவிடக் கூடும். இமைத் தாழ்வு அழகைப் பற்றிய சிறு குறையன்று; காலத்தே கவனிக்க வேண்டிய கண் குறைபாடு என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் உணர்தல் வேண்டும்.

மேல் இமையை உயர்த்துவதற்கெனத் தனித் தசை ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது செவ்வனே வளர்வதில்லை. இயல்பாகக் கருவிழியின் மேல் விளிம்பை ஓரிரு மில்லிமீட்டர் அளவே மறைக்கும் இமை, அவர்களிடத்தில் பாவை வரை இறங்கி ஒளியைத் தடுக்கக் கூடும். பாவை மறையாதபோதும், அக்கண்ணின் முன்புற வளைவு சீராக இல்லாமையால் உருவங்கள் கலங்கித் தெரிவதுண்டு.

இத்தீங்கு கண்ணோடு நிற்பதன்று. பார்க்கக் கற்றுக்கொள்வது மூளையே அன்றோ? 1960களில் ஹியூபெல், வீசல் என்னும் அறிஞர் இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி ஆராய்ந்தனர். பின்னர்த் திறந்தபோது, மூளையின் பார்வைப் பகுதி அக்கண் அனுப்பிய செய்தியைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. வளர்ந்த பூனைகளிடம் அவ்வாறு நிகழவில்லை. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக 1981ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவ்விருவரும் பங்கு பெற்றனர். மனிதக் குழந்தைக்கு ஏறத்தாழ ஏழெட்டு வயது வரையுள்ள காலமே அப்பருவம். அது கடந்தபின் அறுவையால் இமையை உயர்த்தினால் முகம் திருந்தும். மங்கிய பார்வை முழுவதும் மீள்வது அரிது.

இரு கண்களையும் ஒருங்கே திறந்து வைத்துச் சோதித்தால், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஆதலின் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதித்தல் இன்றியமையாதது. கைக்குழந்தையாயின், நல்ல கண்ணை மூடும்போது மட்டும் அழுது கையைத் தள்ளுகிறதா என்று நோக்குக. மோவாயை உயர்த்தியும் புருவத்தை ஏற்றியும் பார்க்கும் மாணாக்கன் செருக்குடையவன் அல்லன். இமையின் கீழே பார்வைக்கு வழி தேடுகிறான்.

2013இல் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். நன்று. ஆயினும் அக்குழுவுக்காகக் காத்திருத்தல் முறையன்று. குழந்தையை நாள்தோறும் காண்பவர் நாமே. கண்ணாடி அணிவித்தல், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி மற்றதைப் பழக்குதல், வேண்டுமாயின் அறுவை ஆகியவற்றுள் எது தக்கது என்பதைக் கண் மருத்துவர் முடிவு செய்வார். அவரிடம் காலத்தே அனுப்புவதே நம் கடமை.