வழி பல, பிரதி ஒன்று

மலையகத் தமிழரின் வரலாற்றில் ஆவணம் என்பது ஆராய்ச்சியாளர் மட்டுமே நாடும் பழம்பொருள் அன்று. குடிமகனுக்கும் நாடற்றவனுக்கும் இடையே நின்ற வேலி அது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானோர் 7 ஆண்டும் மற்றையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை மெய்ப்பிக்கச் சொன்னது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்தோர் பலரிடம் வாழ்க்கை இருந்தது. அதற்கான தாள் இருக்கவில்லை.

எஞ்சியுள்ள செக்றோல்களையும் பிறப்புப் பதிவுகளையும் தொழிற்சங்கக் கடிதங்களையும் கணினியில் ஏற்றிக் காக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பார் அரியர். ஆயின் எவ்வாறு காப்பது என்னுமிடத்தே ஒரு மயக்கம் நிலவுகின்றது. ‘பலவழி இணைப்புடைய சேமிப்புக் கலம் ஒன்றையும் லினக்ஸ் சேர்வர் ஒன்றையும் வாங்கிவிட்டாற் போதும், ஒரு வழி அறுந்தால் மறுவழி உண்டு’ என்பர் சிலர். இக்கூற்று பாதி உண்மை. பாதி உண்மையாதலின் முழுப் பொய்யினும் கேடு மிக்கது.

பலவழி என்பது யாது? சேர்வரின் இரு இணைப்பு அட்டைகள், சேமிப்புக் கலத்தின் இரு கட்டுப்பாட்டகங்களை நால்வழியாக அடைவதாகக் கொள்வோம். அப்போது லினக்ஸ் ஒரே வட்டை நான்கு வட்டுகளாகக் காணும். நான்கு பெயரும் இடும். மல்ட்டிபாத் என்னும் மென்பொருள், வட்டுக்கே உரிய அடையாள எண்ணை ஒப்பிட்டு, நான்கும் ஒன்றே எனத் தெளிந்து, அவற்றின்மேல் ஒரு பொதுச் சாதனத்தை அமைக்கின்றது. வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பவர் அப்பொதுச் சாதனத்தின்மீதே பிரித்தல் வேண்டும். பின்னர் கேபார்ட்எக்ஸ் போன்ற கட்டளையால் அப்பகுதிகளைச் சேர்வருக்கு அறிவித்தல் வேண்டும். மல்ட்டிபாத் இயங்காத சேர்வரில், நான்கு பெயர்களை நான்கு வட்டுகளென நம்பி, ஒன்றில் மூலத்தையும் மற்றொன்றில் ‘பிரதி’யையும் எழுதுபவர், மூலத்தின் தலையிலேயே பிரதியை எழுதுகின்றார். இரண்டும் கெடும்.

செக்றோலில் ஒரு பெயரும் பிறப்புப் பத்திரத்தில் வேறொரு பெயருமாக ஒரே தொழிலாளி இருவராக்கப்பட்ட துன்பத்தை அறிந்த மலையகத்துக்கு இம்மயக்கம் புதிதன்று. பெயர் பலவாதலாற் பொருள் பலவாகிவிடாது.

முறைப்படி அமைத்தாலும் குறை முற்றும் தீராது. வழியொன்று அறுந்தாலும் பணி நில்லாது என்பதே பலவழியின் பயன், அப்பயன் சிறிதன்று. ஆயின் பொருள் அழிந்தால் மீளும் என்பது அதன் பயனன்று. தவறான அழிப்புக் கட்டளையை நான்கு வழிகளில் எதுவாயினும் ஒருபோலப் பணிந்து கொண்டுசெல்லும். கலம் எரிந்தால் நான்கும் சாம்பலையே சென்றடையும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்நூலகத்துக்குச் செல்லும் வீதிகளுக்குக் குறைவில்லை. அங்கிருந்த அரியவை பலவற்றுக்கு வேறிடத்துப் பிரதிதான் இருக்கவில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. மலைநாட்டில் ஒரே கட்டடத்தை நம்புவது எத்தகைய நம்பிக்கை என்பதை அந்நாள் உணர்த்தியது.

பிரதிகளுக்குப் பணம் இல்லை என்பது அடுத்த வாதம். இரட்டைக் கட்டுப்பாட்டகத்துக்குக் கிடைக்கும் பணம், வேறு ஊரில் வைக்கும் எளிய வட்டுக்கு மட்டும் கிடையாதது வியப்பே. ஹற்றனில் ஒன்று, பேராதனையில் ஒன்று, மலைநாட்டுக்கு வெளியே ஒன்று எனப் பிரதிகள் இருத்தல் வேண்டும்; அவற்றிலிருந்து ஆவணம் மீள்கின்றதா எனக் காலந்தோறும் சோதித்தலும் வேண்டும். பலவழி அதற்குப் பின்னரே. தாள் இன்மையால் நாடிழந்த சமூகம், உள்ள தாளையும் ஒரே கலத்தில் ஒப்படைத்தல் தகாது.