கொற்கைக்கு ஒரு நாள்

கல்விச் சுற்றுலா என்றவுடன் மாணவர்கள் உதகை, கொடைக்கானல் என்றே பெயர் கூறுகின்றனர். மலையின் குளிர்ச்சியை நாம் வெறுப்பவரல்லோம். எனினும் அகநானூற்றிலும் மதுரைக்காஞ்சியிலும் கொற்கையைப் படித்துத் தேர்வெழுதுவோர், தூத்துக்குடிக்குத் தெற்கே அணித்தேயுள்ள அவ்வூரைக் காணாமலே பட்டம் பெறுவது முறையோ?

'அங்கே காண என்ன உளது?' என வினவுவர். காணவேண்டியதே, அங்குக் கடல் இல்லை என்பதுதான்! தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிற்று; பாண்டியர் துறைமுகம் வயல் சூழ்ந்த சிற்றூராயிற்று. நாணயம் அடித்த இடத்தைக் குறிக்கும் அக்கசாலை என்னும் பெயர் மட்டும் அங்கு நிலைத்துள்ளது. தமிழக அரசின் தொல்லியல் துறை 1968-69இல் அகழ்ந்த மண் அது.

கடலைத் தொடர்ந்து வாணிகமும் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், குதிரைகள் வந்திறங்கிய துறையென மார்க்கோ போலோ குறித்த காயல், பழையகாயலே என்பது கால்டுவெல் கருத்து. காயல்பட்டினத்துப் பெரியோர் அதனை எளிதில் ஒப்பார்! அவ்வழக்கை அவர்களிடமே கேட்டறியலாம். பழம்பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளையும் படிக்கலாம். இறுதியில் துறைமுகப் பெருமை தூத்துக்குடியை அடைந்தது. ஆங்கும் 1961ஆம் ஆண்டோடு பெரும் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது.

கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம் மூன்றையும் தூத்துக்குடியிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் கண்டு திரும்பலாம். வரும் கல்வியாண்டில் சங்க இலக்கிய வகுப்பொன்றைக் கொற்கை மண்ணிலேயே நடத்த நாம் ஆயத்தமாக உள்ளோம். பேருந்துச் செலவைச் சமுதாயப் பெரியோர் ஏற்பார்களாக.